நொடிக்கு ஒரு டிக்

எங்கள் மூன்று பிள்ளைகளும்
ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ பிறந்தவர்கள்.
ஜாதகம் குறித்த லாமா புருவத்தை உயர்த்தினார்.
இதில் கிரகத்துக்கு வேலையில்லை.
மக்காச்சோளம் பால் பிடித்த நாள் முதல்
அறுப்பு முடியும்வரை
ஓர் இரவு உக்யென் பரணில், நான் வீட்டில்.
மறு இரவு நான் பரணில், அவன் வீட்டில்.
ஒரே போர்வை
ஆள் மாற்றி ஆள் மாற்றிச் சூடானது.

பன்றிகளுக்கு எல்லா விதத்திலும் சொல்லிப் பார்த்தோம்.
அவனுடைய கிழிந்த கோ அங்கியை மாட்டி
வைக்கோல் ஆள் நிறுத்தினோம்.
விடிந்து பார்த்தால் அதன் காலடியில்
படுத்துப் புரண்ட பள்ளம்.
திராஷிகாங் சலூனில் ஒரு கோணி மயிர் வாங்கி
வரப்பெல்லாம் தூவினோம்.
ரேடியோ வைத்தோம்.
முதல் இரவு ஓடியது.
மூன்றாம் இரவு
செய்தி முடியும்வரை இருந்து தின்றது.
'சுட்டுவிடலாமே' என்றான் என் தம்பி.
உக்யென் அவனைப் பார்க்காமல்
ஜெபமாலையில் ஒரு மணியைத் தள்ளினான்.

போன வருஷம் கம்பி வந்தது.
நீலப் பெட்டி ஒன்று, சூரியத் தகடு ஒன்று,
மரக்கழியில் செருகிய கறுப்புக் குழாய்த் துண்டுகள்.
'கொல்லாது, கிள்ளும்'
என்றார் விவசாய ஆபீசர்.
நொடிக்கு ஒரு டிக்.
புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால்
மின்சாரத்தை மண் குடித்துவிடும்,
அதனால் அரிவாளும் கையுமாக
வாரம் ஒருமுறை வேலியைச் சுற்றி வரவேண்டும்.

முதல் இரவு இருவரும் வீட்டில்.
தூக்கம் வரவில்லை.
யார் எந்தப் பக்கம் படுப்பது என்பதே
மறந்துபோயிருந்தது.
நடுச்சாமத்தில் உக்யென்
கண் திறக்காமல் 'ஹோய், ஹோய்' என்று கத்தினான்.
கடைக்குட்டி அழுதாள்.
நான் சிரித்தேன்.

நான்காம் இரவு தகரம் கேட்டது.
கீழ்ச்சரிவில் செத்ராவின் காடு.
பங்குப் பணம் கட்ட அவனிடம் இல்லை,
மனைவியின் ஆஸ்பத்திரிச் செலவில் போயிருந்தது.
எங்கள் கம்பியில் மூக்கு சுட்டவை
எங்கே போகும்?
டிக்குக்கும் டிக்குக்கும் நடுவே
அவன் தட்டுவது கேட்டது.
போர்வைக்குள் இருவரும் விழித்திருந்தோம்.
பேசவில்லை.

காலையில் எங்கள் கம்பியில்
ஐந்தாறு முரட்டு மயிர்.
அவன் காட்டில் பாதி
படுத்துக் கிடந்தது, பாய் விரித்த மாதிரி.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
மிஞ்சிய கதிர்களில் ஒன்றை உரித்து
என் மகளுக்குக் கொடுத்தான்.
அதற்கு அவன் ஏசியிருக்கலாம்.

உக்யென் கன்றை விற்றான்.
எனக்கு வருத்தம்தான், பொய் சொல்லமாட்டேன்.
கம்பி வாங்கி, நடு வேலியைப் பிடுங்கி,
இரண்டு காட்டையும் சேர்த்து இழுத்தோம்.
நீளம் கூடக் கூடக் கிள்ளல் குறையும்
என்றார் ஆபீசர்.
கிள்ளினால் போதும் என்றோம்.

பச்சைப் புல் ஒன்றைக் கம்பியில் வைத்து
கை நோக்கி மெல்லத் தள்ளினால்
முதலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும்,
அப்புறம் யாரோ விரல் நுனியைச் சுண்டுவார்கள்.
செத்ராவுக்குக் காட்டிக் கொடுத்தேன்.
துள்ளி விழுந்தான்.
மறுபடியும் வைத்துப் பார்த்தான்.
அவன் மனைவி வாசலில் நின்று
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்,
தையல் இன்னும் ஆறாத வயிறு.

அறுப்புக்கு இன்னும் பதினாறு நாள்.
நேற்று இரவு உக்யென் என் பக்கம் திரும்பியபோது
மறுபடியும் தகரம் கேட்டது.
தூரத்தில், ஓடைக்கு அப்பால்,
விட்டு விட்டு.
யாருடையது என்று அவன் கேட்கவில்லை.
எனக்குத் தெரியும்.
நானும் சொல்லவில்லை.